எல்லைக்கோட்டுக்கு வெளியே தொடங்கும் ஒழுக்கம்

பொதிகை மலையடிவாரத்தில் கடனா நதி பாயும் ஆழ்வார்குறிச்சியிலும், அதைச் சுற்றியுள்ள கடையம், பொட்டல்புதூர், அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் முதலிய ஊர்களிலும் இளைஞர்கள் ஆடும் கால்பந்துக்கும், தொலைக்காட்சியில் நாடே பார்க்கும் தொழில்முறைக் கால்பந்துக்கும் விதிகள் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும், அவ்விதிகளைக் காக்கும் ஏற்பாடுகள் முற்றிலும் வேறுபட்டவை. தொழில்முறை ஆட்டத்தில் தலைமை நடுவர் ஒருவர், கோட்டோரத் துணை நடுவர்கள் இருவர், மாற்று ஆட்டக்காரர்களையும் பயிற்றுநர்களையும் கவனிக்கும் நான்காம் நடுவர், ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்யும் கேமராக்கள், ஆட்டம் முடிந்த பின்னரும் விசாரணை நடத்தி அபராதமும் தடையும் விதிக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்று அடுக்கடுக்கான காவல் உண்டு. இளைஞர் மன்றங்களும் பள்ளி, கல்லூரிகளும் தம் செலவில் நடத்துகின்ற, ஆடுவோர் ஊதியம் எதுவும் பெறாத ஊர்க் கால்பந்திலோ ஒரு விசிலும் ஒரு சுண்ணாம்புக் கோடும் பக்கத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரும் மட்டுமே உண்டு. ஆட்டத்தில் அடித்தவரும் அடிபட்டவரும் மறுநாள் காலை ஒரே பேருந்தில் ஏறி ஒரே கல்லூரிக்குச் செல்ல வேண்டியவர்கள் என்பதால், இங்கே நடத்தை கெட்டால் அதன் விளைவு மைதானத்தோடு முடிந்துவிடுவதில்லை.

ஆகவே, விளையாட்டு நெறி எனப்படுகிற நல்நடத்தை, தொழில்முறை ஆட்டத்துக்கு ஓர் அணிகலனாக இருக்கலாம். ஊர்க் கால்பந்துக்கு அதுவே அடித்தளம். இந்நெறி சில சிறுவர்களிடம் பிறவியிலேயே அமைந்த நல்ல குணம் என்றும், மற்றவர்களிடம் அது இல்லாதது அவர்களுடைய வளர்ப்பின் குறை என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. உலகின் பல இடங்களில் கிடைத்த அனுபவம் இக்கருத்துக்கு நேர்மாறானது. சிறுவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆட்டத்தை நடத்துவோரும், பயிற்றுவிப்போரும், கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்போரும் செய்துவைக்கும் ஏற்பாடுதான்.

முதலில் விதி எதுவரை செல்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கால்பந்து விதிகளை வகுத்துத் திருத்தும் அதிகாரம், 1886ஆம் ஆண்டில் தோன்றிய பன்னாட்டுக் கால்பந்துச் சங்க வாரியத்திடம் உள்ளது. அவ்வாரியம் வெளியிடும் 17 விதிகளில் பன்னிரண்டாவது விதியே தவறுகளையும் தீய நடத்தையையும் பற்றியது. நடுவரின் தீர்ப்பைச் சொல்லாலோ செயலாலோ எதிர்ப்பது, ஆட்டம் மீண்டும் தொடங்குவதை வேண்டுமென்றே தாமதப்படுத்துவது, திரும்பத் திரும்பத் தவறிழைப்பது, அடிபட்டதுபோல் விழுந்து ஏமாற்ற முயல்வது ஆகியவற்றுக்கு மஞ்சள் அட்டை காட்டப்படும்; எதிராளியின் உடலுக்கு ஆபத்து விளைவிக்கும் மோதல், அடிதடி, எச்சில் துப்புதல், இழிவான சொற்களைப் பயன்படுத்துதல் ஆகியவற்றுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டு அந்த ஆட்டக்காரர் வெளியேற்றப்படுவார். இன்று கால்பந்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட இந்த அட்டைகள் 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தன. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஆட்டத்தில், மொழி புரியாத குழப்பத்தில் யார் எச்சரிக்கப்பட்டார், யார் வெளியேற்றப்பட்டார் என்பதே தெளிவாகாமல் போனதைக் கண்ட கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவர், போக்குவரத்து விளக்குகளின் நிறங்களிலிருந்து இந்த யோசனையைப் பெற்றார்.

ஆனால் அட்டைகள் எட்டாத பகுதி ஒன்று உண்டு. எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் அடிபட்டுக் கிடக்கையில் பந்தை வெளியே உதைத்து ஆட்டத்தை நிறுத்துவதும், ஆட்டம் மீண்டும் தொடங்கும்போது அப்பந்தை அந்த அணியிடமே திருப்பிக் கொடுப்பதும் எந்த விதியிலும் எழுதப்படவில்லை. அவை ஆட்டக்காரர்கள் தமக்குள் வளர்த்துக்கொண்ட மரபு. 2003ஆம் ஆண்டு ஹாங்காங்கில் டென்மார்க்கும் ஈரானும் மோதிய ஆட்டத்தில், பார்வையாளர் ஒருவர் ஊதிய விசிலை நடுவருடையது என்று எண்ணிய ஈரான் ஆட்டக்காரர், இடைவேளை வந்துவிட்டதாகக் கருதித் தம் கோல் எல்லைக்குள் பந்தைக் கையில் எடுத்துவிட்டார். விதிப்படி அது பெனால்டி. நடுவருக்கு வேறு வழியில்லை. டென்மார்க் அணித்தலைவர் மார்ட்டன் வீகோர்ஸ்ட், தம் பயிற்றுநரிடம் கலந்து பேசிவிட்டு, அந்தப் பந்தை வேண்டுமென்றே கோலுக்கு வெளியே அடித்தார். டென்மார்க் அந்த ஆட்டத்தில் 0–1 என்று தோற்றது. பெனால்டி வழங்கிய நடுவரும் சரி, அதை வீணாக்கிய ஆட்டக்காரரும் சரி, தத்தம் கடமையைச் செய்தவர்களே. ஆட்டத்துக்கு விதியும் வேண்டும், விதி தொட முடியாத இடத்தில் மனிதர் எடுக்கும் முடிவும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

விதிக்கும் மரபுக்கும் இடையிலான இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான சச்சரவுகள் பிறக்கின்றன. இப்பகுதி இளைஞர்கள் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டு 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் நடந்தது. இந்தியன் சூப்பர் லீக் போட்டியின் வெளியேற்றும் சுற்று ஆட்டத்தில் பெங்களூரு அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் வழக்கமான 90 நிமிடங்களில் கோலின்றிச் சமநிலையில் இருந்தன. கூடுதல் நேரத்தின் 96ஆம் நிமிடத்தில் பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைத்துக்கொண்டிருந்தபோதே, சுனில் சேத்ரி பந்தைக் காலி கோலுக்குள் செலுத்திவிட்டார். ஃப்ரீ கிக் எடுக்கும் அணி விரும்பினால் விசிலுக்குக் காத்திராமல் உடனே உதைக்கலாம் என்பது விதி. நடுவர் சுவரை நகர்த்தத் தொடங்கிவிட்டாலோ, விசிலுக்குக் காத்திருக்குமாறு சைகை காட்டிவிட்டாலோ அந்த உரிமை இல்லை. இவ்விரண்டில் எது நடந்தது என்பதே அன்றைய வாதம். நடுவர் கோலை ஏற்றுக்கொண்டதும், கேரள அணியின் பயிற்றுநர் இவான் வுகோமானோவிச் தம் ஆட்டக்காரர்கள் அனைவரையும் மைதானத்தை விட்டு வெளியே அழைத்துச் சென்றார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்றுநருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.

இந்நிகழ்வில் கவனிக்க வேண்டியது, கோல் சரியா தவறா என்ற கேள்வியைக் காட்டிலும், ஆட்டத்தை விட்டு வெளியேறும் முடிவை எடுத்தவர் பயிற்றுநர் என்பதுதான். ஆட்டக்காரர்கள் அவர் சொற்படி நடந்தனர். அணியைத் திரட்டிக்கொண்டு ஆட்டத்தின் நடுவிலேயே மைதானத்தை விட்டுப் போய்விடுவது ஊர்ப் போட்டிகளிலும் காணப்படும் வழக்கம்தான். அங்கே 4 கோடி அபராதமும் கிடையாது, தடையும் கிடையாது, அடுத்த ஆண்டு அந்த அணியை அழைப்பதா வேண்டாமா என்ற முணுமுணுப்பு மட்டுமே மிஞ்சும். அந்த அணியில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பானாயின், தனக்குப் பிடிக்காத தீர்ப்பு வந்தால் ஆட்டத்தையே கலைத்துவிடலாம் என்பதை அவன் அன்று தன் மூத்தோரிடமிருந்து கற்றுக்கொள்கிறான்.

களத்தில் எழும் ஆத்திரம் கூட்டத்துக்குப் பரவினால் என்னவாகும் என்பதற்கு இந்தியக் கால்பந்தின் வரலாற்றில் ஒரு கறுப்பு நாள் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியபோது, இரு ஆட்டக்காரர்களுக்கிடையே எழுந்த மோதல் பார்வையாளர் மேடைக்குப் பரவி, கல்லெறியும் நெரிசலுமாக மாறி, 16 ரசிகர்களின் உயிரைப் பறித்தது. அந்த நாள் வங்காளத்தில் இன்றும் கால்பந்து நேயர் நாளாக இரத்ததான முகாம்களோடு நினைவுகூரப்படுகிறது.

முதலில் சொன்ன ஊர்கள் அமைந்த தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் நிலைமையைப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்காமல் பேசியாக வேண்டும். இங்குள்ள ஊர்களில் இளைஞர் அணிகள் இயல்பாகத் தெருவை ஒட்டியே அமைகின்றன. தெருக்களோ நெடுங்காலமாகச் சாதியை ஒட்டி அமைந்தவை. ஆகவே, இரண்டு தெருக்களின் அணிகள் மோதும் ஆட்டத்தில் ஒரு முரட்டு உதை, இரு ஆட்டக்காரர்களுக்கு இடையிலான செய்தியாக மட்டும் இருந்துவிடுவதில்லை. மாணவர்கள் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகள் சாதி அடையாளமாகவே மாறிப்போனதை இப்பகுதிப் பள்ளிகள் நன்கறியும். 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரத்தை அடுத்த பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில் இத்தகைய கயிறு தொடர்பாக மாணவர்களுக்கிடையே எழுந்த மோதலில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பின் தமிழ்நாடு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குவது, வண்ணக் கயிறுகளைத் தடுப்பது முதலிய பரிந்துரைகளுடன், வகுப்பறையில் மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும் என்ற எளிய பரிந்துரையும் அதில் இருந்தது.

வகுப்பறைக்குச் சொல்லப்பட்ட இந்த எளிய ஏற்பாடு விளையாட்டு மைதானத்துக்கும் பொருந்தும் என்பதை, வேறொரு கண்டத்தில் இதைவிடக் கொடிய சூழலில் நடந்த ஒரு முயற்சி காட்டுகிறது. 1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் கொலம்பியாவின் ஆந்திரேஸ் எஸ்கோபார் தவறுதலாகத் தம் அணியின் கோலுக்குள்ளேயே பந்தைச் செலுத்திவிட்டார். ஊர் திரும்பிய அவர் ஜூலை 2 அன்று மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அந்நகரில் வாழ்ந்துவந்த யூர்கன் கிரீஸ்பெக் என்ற ஜெர்மானியர், இளைஞர் கும்பல்கள் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த அந்நகரின் பகுதிகளில், கால்பந்தைக் கொண்டே அவர்களை ஒன்றுசேர்க்க முடியும் என்று நம்பி ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். பகைமை கொண்ட பகுதிகளின் இளைஞர்கள் ஒருவரோடொருவர் ஆடினர். ஆயுதங்களுக்கு அங்கே இடமில்லை. ஒவ்வோர் அணியிலும் பெண்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும், முதல் கோலை ஒரு பெண்ணே அடிக்க வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. இந்தக் கடைசி விதியின் நுட்பம் வியக்கத்தக்கது. ஒரு பெண் கோல் அடித்தாலொழிய அணி முன்னேற முடியாது என்றானபோது, அதுவரை பெண்களுக்குப் பந்தே தராத இளைஞர்கள், அவர்களுக்குப் பந்தைக் கொடுத்து, அவர்கள் ஆடுவதற்கு இடமும் விட்டு ஆட வேண்டியவர்களானார்கள். மனம் மாறட்டும் என்று காத்திராமல் ஆட்டத்தின் அமைப்பையே மாற்றியதால் நடத்தை மாறிற்று.

இந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததே இன்று பல நாடுகளில் ‘ஃபுட்பால் 3’ என்ற பெயரால் நடக்கும் ஆட்டமுறை. இதில் ஆட்டம் இரண்டு பகுதிகளாக அல்லாமல் மூன்று பகுதிகளாக அமைகிறது. முதற்பகுதியில் இரு அணியினரும் வட்டமாக உட்கார்ந்து, அன்றைய ஆட்டத்துக்கான சிறப்பு விதிகளைத் தாமே பேசி முடிவு செய்கிறார்கள்: கோல் அடித்தால் இரு அணியினரும் கைகுலுக்க வேண்டும் என்றோ, ஒவ்வொருவரும் ஒருமுறையாவது பந்தைத் தொட்ட பின்னரே கோல் அடிக்கலாம் என்றோ அவை இருக்கலாம். இரண்டாம் பகுதியில் நடுவரே இல்லாமல் ஆட்டம் நடக்கிறது. தவறிழைத்தவர் தாமே கையை உயர்த்தி ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் பகுதியில் மீண்டும் உட்கார்ந்து, எதிரணி எப்படி நடந்துகொண்டது என்பதைப் பேசி, அதற்கு மதிப்பெண் வழங்குகிறார்கள். அடித்த கோல்களால் பெற்ற புள்ளிகளுடன் நடத்தைக்கான இம்மதிப்பெண்ணும் கூட்டப்பட்டே வெற்றி தோல்வி முடிவாகிறது. இந்த உரையாடலை வழிநடத்துபவர் மத்தியஸ்தர் எனப்படுவார். அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பும் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பதும், பேசாதவர்களைப் பேச வைப்பதுமே அவர் பணி.

இந்தியாவிலும் இதையொத்த நோக்குடன் நடக்கும் அமைப்புகள் உண்டு. நாக்பூரில் கல்லூரி உடற்கல்வி ஆசிரியராக இருந்த விஜய் பார்சே, குடிசைப் பகுதிச் சிறுவர்களுக்காக 2001இல் தொடங்கிய ஸ்லம் சாக்கர் அமைப்பு, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் பன்மைத்துவ விருதை 2016இல் பெற்றது. பார்சேயின் வாழ்க்கையை ஒட்டி 2022இல் ‘ஜுண்ட்’ என்ற இந்தித் திரைப்படமும் வந்தது. சென்னை வியாசர்பாடியில் 1990களின் பிற்பகுதியிலிருந்து அப்பகுதி இளைஞர்களே கால்பந்துப் பயிற்சியையும் மாலைநேரப் படிப்பையும் இணைத்து நடத்திவருகிறார்கள். இவற்றிலெல்லாம் ஆட்டத்திறன் வளர்ப்பது ஒரு பங்கு என்றால், ஆடுகிறவரின் நடத்தையை வளர்ப்பது அதற்குக் குறையாத பங்கு.

ஆழ்வார்குறிச்சி போன்ற ஊரிலும் ஆட்டத்தின் அமைப்பை இப்படி மாற்றுவது கடினமன்று. பள்ளி விடுமுறைக் காலத்துச் சிறுவர் போட்டியில் தெரு அணிகளாகப் பெயர் பதிவதைக் கைவிட்டு, ஒவ்வொருவராகப் பெயர் பதிந்து, அகரவரிசைப்படியோ சீட்டுக் குலுக்கியோ அணி பிரித்தால், ஒரே அணியில் நான்கு தெருப் பிள்ளைகள் சேர்ந்து ஆடுவார்கள். பொட்டல்புதூர் பள்ளிவாசல் கந்தூரிக்குச் சமய வேறுபாடின்றிக் கூடும் வழக்கமுள்ள பகுதி இது. கலந்து நிற்பது இம்மக்களுக்குப் புதிதன்று. பெரியோர் போட்டிகளுக்குத் தெரு அணிகளே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாலும், சிறுவர் போட்டிக்கு இந்த மாற்றம் இன்றியமையாதது. 12 வயதில் ஒரே நிறச் சட்டை அணிந்து ஆடி, ஒருவர் தந்த பந்தை மற்றவர் கோலாக்கிய இருவர், 17 வயதில் கயிற்றின் நிறத்துக்காக மோதிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு என்று நம்புவதற்கு இடமுண்டு.

இளையோர் கால்பந்தில் நேர்மைக்கு மிகப் பெரிய கேடு முரட்டு ஆட்டம் என்று பலர் எண்ணினாலும், வயது மறைப்பு அதனினும் பெரிது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக நடக்கும் பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுப் பிரிவுகளாக அமைகின்றன. இவற்றில் பெறும் சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கையிலும் வேலைவாய்ப்பிலும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவுகிறது. இதனால் வயது கூடியவரைக் குறைந்த வயதுப் பிரிவில் இறக்கும் ஆசை எழுகிறது. இத்தவற்றைச் செய்வது பெரும்பாலும் அந்தச் சிறுவன் அல்லன். சான்றிதழைத் திருத்தத் துணிவதும், அதைக் கண்டும் காணாமல் விடுவதும் பெரியவர்கள்தாம். தேசிய அளவில் இதைத் தடுக்க எலும்பு வயதுச் சோதனை நடத்தப்படுகிறது. டி.டபிள்யூ.3 எனப்படும் முறையில் இடது கை, மணிக்கட்டு ஆகியவற்றின் எக்ஸ்ரே படத்தைக் கொண்டு எலும்புகளின் முதிர்ச்சி அளவிடப்படுகிறது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் உள்ள குருத்துப் பகுதி, வளர்ச்சி முடியும்போது எலும்போடு இணைந்துவிடும் என்பதே இச்சோதனையின் அடிப்படை. ஊர்ப் போட்டியில் எக்ஸ்ரே எடுக்க முடியாது. ஆதார் அட்டை நகலே அங்கு சான்று. 13 வயதுச் சிறுவனின் மீது 18 வயது உடல் மோதும்போது முறிவது எலும்பு என்பதால், வயது மறைப்பைப் பொய்ச் சான்றிதழ்க் குற்றமாக மட்டும் பார்க்காமல், ஒரு குழந்தையை ஆபத்தில் தள்ளும் செயலாகவும் பார்க்க வேண்டும்.

இனி, கோட்டோரத்தில் நிற்பவர்கள். ஊர் மைதானத்தில் பார்வையாளர்கள் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே கால் வைத்து நிற்பதும், பந்து வெளியே போயிற்றா இல்லையா என்பதை நடுவருக்கு முன்பே அவர்கள் உரக்க அறிவித்துவிடுவதும், “விடாதல… காலத் தட்டுல” என்று உள்ளே ஆடும் சிறுவனுக்கு ஆணையிடுவதும் வழக்கம். அந்தச் சிறுவனுக்கு அந்தக் குரல்கள் யாவும் தெரிந்த குரல்கள்: சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் சார். நடுவரோ அவனுக்கு அன்று மட்டும் விசில் பிடித்து நிற்கும் ஒருவர். யார் சொல்லை அவன் கேட்பான் என்பதில் ஐயமில்லை. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008இல் மரியாதை என்ற பெயரிலேயே தொடங்கிய இயக்கத்தின் ஒரு கூறு, இளையோர் ஆட்டங்களில் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் கயிறு கட்டி, பார்வையாளர்களை அதற்கு அப்பால் நிறுத்துவது. இரண்டு எட்டு பின்னால் நிற்க வைப்பதால் என்ன மாறிவிடும் என்று தோன்றலாம். கூட்டம் தள்ளி நின்றால் நடுவரின் சட்டையைப் பிடிக்க ஓடி வருவது தடைபடுகிறது. துணை நடுவர் ஓடுவதற்கு வழி கிடைக்கிறது. பிள்ளையின் காதில் ஆணைகள் விழுவதும் குறைகிறது.

ஊர்ப் போட்டி நடத்துவோரில் பலர் அறியாத ஒன்று, கால்பந்து விதிகளே அவர்களுக்குப் பல சலுகைகளை வழங்கியிருக்கின்றன என்பது. இளையோர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், அடிமட்ட ஆட்டங்கள் ஆகியவற்றுக்கு மைதானத்தின் அளவு, பந்தின் அளவு, ஆட்ட நேரம், வெளியே சென்றவர் மீண்டும் உள்ளே வருவது ஆகியவற்றைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். தற்காலிக வெளியேற்றம் என்ற முறையையும் பயன்படுத்தலாம். நடுவரிடம் வாதாடி மஞ்சள் அட்டை பெற்றவர் 10 நிமிடம் வெளியே உட்கார வேண்டும் என்ற இம்முறையை, இங்கிலாந்து 2019–20 பருவத்திலிருந்து அடிமட்ட ஆட்டங்கள் அனைத்திலும் கடைப்பிடித்துவருகிறது. சிறுவனுக்கு இது நல்ல தண்டனை: முழுவதுமாக வெளியேற்றப்பட்டால் அவன் ஆத்திரத்தோடு வீட்டுக்குப் போவான், 10 நிமிடம் உட்கார்ந்தால் ஆத்திரம் தணிந்து மீண்டும் ஆட வருவான். மேலும், 2019 முதல் பயிற்றுநர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் காட்டலாம். வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் தவறிழைத்தவர் யார் என்று தெரியாதபோது, அங்குள்ள மூத்த பயிற்றுநருக்கே அட்டை காட்டப்படும். தன் அணியினரின் நடத்தைக்குப் பொறுப்பு பெரியவருடையதே என்று விதிப்புத்தகமே ஒப்புக்கொண்ட இடம் இது.

நடத்தைக்குப் புள்ளி வழங்குவதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் கணக்கு, நேருக்கு நேர் ஆட்டம் என எல்லாவற்றிலும் சமமாக இருந்ததால், குறைவான மஞ்சள் அட்டைகள் பெற்றிருந்த ஜப்பான் அடுத்த சுற்றுக்குச் சென்றது. ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. ஆனால் போலந்திடம் 0–1 என்று தோற்றுக்கொண்டிருந்த அந்தக் கடைசி ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில், மேலும் ஓர் அட்டையோ கோலோ வந்துவிடக் கூடாது என்று ஜப்பான் பந்தைத் தன் பகுதியிலேயே அங்குமிங்கும் தட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தியது. அரங்கம் முழுவதும் கூச்சலிட்டது. அட்டைகளை எண்ணுவதால் மட்டும் நல்நடத்தையை அளந்துவிட முடியாது. எதிரணியே உட்கார்ந்து பேசி மதிப்பெண் தரும் முறை இந்த வகையில் மேலானது. எண்ணிக்கையை ஏமாற்றலாம், உடன் ஆடியவரை ஏமாற்றுவது கடினம்.

நடுவர்களின் நிலை தனியாகச் சொல்லத்தக்கது. ஊர்ப் போட்டித் துண்டறிக்கைகளில் நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, சுழற்கோப்பை, நன்கொடையாளர் பெயர்கள் ஆகியவற்றுக்குக் கீழே, ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்ற வரி தவறாமல் அச்சிடப்படுகிறது. கால்பந்தின் ஐந்தாம் விதியும் அதையே சொல்கிறது. ஆனால் அந்த வரியை அச்சிடும் குழுவே, தம் ஊர் அணிக்கு எதிராகத் தீர்ப்பு வரும்போது நடுவரைச் சூழ்ந்துகொள்வதுண்டு. 2024இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் அணித்தலைவர் ஒருவர் மட்டுமே நடுவரிடம் பேசலாம், மற்றவர் நெருங்கினால் மஞ்சள் அட்டை என்ற நடைமுறை கொண்டுவரப்பட்டது. காசு செலவில்லாத, எந்த ஊரும் நாளையே கடைப்பிடிக்கத்தக்க சீர்திருத்தம் இது. விசில் பிடிப்பவர் அடுத்த வாரமும் பயமின்றி விசில் பிடிக்க வந்தால்தான் ஊரில் கால்பந்து நடக்கும். அவர் வராமல் போன ஊர்களில் பந்தும் நாளடைவில் நின்றுபோகிறது.

பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து, தேர்வுகளும் முடிந்து, கோடை விடுமுறைப் போட்டிகளுக்குத் துண்டறிக்கை அச்சடிக்கத் தயாராகும் இளைஞர் மன்றத்தினரும் உடற்கல்வி ஆசிரியர்களும் இவ்வாண்டு அதில் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும்: சிறுவர் பிரிவில் அணிகள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்படும், நடுவரிடம் அணித்தலைவர் மட்டுமே பேசலாம், பார்வையாளர்கள் கயிற்றுக்கு அப்பால் நிற்க வேண்டும். சேர்த்த பின், முதல் நாள் முதல் ஆட்டத்திலேயே, தம் சொந்த ஊர் அணியின் மீதே இவற்றை நடைமுறைப்படுத்திக் காட்ட வேண்டும்.